முதுமலையில் இன்டர்ன்ஷிப்: யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: கோவையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே விடுமுறையில் முதுமலையில் தன்னார்வலராகவோ இன்டர்ன்ஷிப்பிலோ சேர முடியுமா? யாருக்கு விண்ணப்பிப்பது?

பதில்: முடியும். ஆனால் இரண்டுக்கும் வழி வேறு வேறு.

தன்னார்வப் பணிக்கு, வனத்துறைக்கு ஆள் தேவைப்படும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கணக்கெடுப்புக் காலம். நீங்கள் சொல்லும் மே மாதம் அதற்குப் பொருத்தமானதுதான். 2024-இல் தென் மாநிலங்கள் சேர்ந்து நடத்திய யானைக் கணக்கெடுப்பு மே 23 முதல் 25 வரை நடந்தது. முதல் நாள் ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் நடந்து யானைகளை நேரடியாக எண்ணுவார்கள். அடுத்த நாள் நேர்கோட்டில் நடந்து யானை லத்தியை (சாணத்தை) குறித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் நீர்நிலை ஓரம் காத்திருந்து ஆண், பெண், குட்டி என்று பிரித்து எழுதுவார்கள். யானையே கண்ணில் படாத நாளும் வரும். அன்றைக்கும் படிவத்தை ஒழுங்காக நிரப்புகிறவரைத்தான் வனச்சரகர் அடுத்த முறையும் அழைப்பார். இதற்குக் கல்லூரி வழியாக முதுமலைப் புலிகள் காப்பகத்தின் துணை இயக்குநருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து வையுங்கள்.

இன்டர்ன்ஷிப் விஷயம் கொஞ்சம் கடினம். காட்டுக்குள் ஆய்வு செய்ய, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகலாம். மார்ச்சில் விண்ணப்பித்துவிட்டு மே மாதத்தை நம்பியிருக்க வேண்டாம்.

அதனால் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு நான் சொல்லும் வழி, ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் ஆய்வில் உதவியாளராகச் சேர்வதுதான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பு இருக்கிறது. மரங்களின் சுற்றளவை ஆண்டுக்கணக்காக அளந்து வருகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆனைக்கட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. முதல் கடிதம் அங்கே போகட்டும். அங்குள்ள ஆய்வாளர்களுக்கு உங்கள் பேராசிரியர் வழியாக எழுதுங்கள். உங்கள் பெயரையும் அனுமதியில் சேர்க்க வேண்டுமா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் "விலங்குகள் என்றால் எனக்கு உயிர்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எத்தனை பறவைகளைப் பார்த்ததும் சொல்ல வரும், எக்செல்லில் தரவு ஏற்றத் தெரியுமா, இவற்றை எழுதுங்கள். அடையாளம் காணத் தெரியாவிட்டால் இப்போதே கல்லூரி வளாகத்தில் தொடங்கலாம்.

பணம் கட்டினால் காட்டுக்குள் இன்டர்ன்ஷிப் என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த இடத்துக்கு அவர்கள் பெற்ற அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள். அனுமதியில்லாமல் உள்ளே போனால் வழக்கு உங்கள் மேலும் வரும். இப்படி ஏமாறும் மாணவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அப்புறம், முதுமலைப் பக்கம் உண்ணி உண்டு, உண்ணியால் குரங்குக் காய்ச்சல் பரவும். முழுக்கை சட்டை, பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுவது, மாலையில் உடம்பு முழுக்கப் பார்ப்பது, இம்மூன்றையும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.