ஜோம் போனது எதிர்காலத்துக்கா?

சப்டைட்டிலில் 24-இல் தொடங்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருந்தீர்கள். இல்லை, காலத்தில் பின்னால்தான் போகிறான். 'ஐ ஃபீல் யூ லிங்கர் இன் தி ஏர்' என்ற தாய்லாந்துத் தொடரில் காருடன் ஆற்றில் விழுந்த ஜோம் எழுவது 1920களின் சியாங் மாயில். நீங்கள் குழம்பிய அந்த 24-இல் தொடங்கும் ஆண்டு, தாய்லாந்தில் புழங்கும் புத்த ஆண்டு. சப்டைட்டில் போட்டவர் தாய்லாந்துக் கணக்கு ஆண்டை நம் ஆண்டுக்கு மாற்றாமல் அப்படியே விட்டிருப்பார், இது அடிக்கடி நடப்பதுதான்.

எந்த ஆண்டு வந்தாலும் 543-ஐக் கழித்துப் பாருங்கள். 2470 என்றால் 1927, அதாவது நாட்டுக்கு இன்னும் சயாம் என்றே பெயர், மன்னரின் முழு அதிகார ஆட்சி முடிய ஐந்து வருடம் இருக்கிறது, கதையில் வரும் பெரிய வீட்டுப் பிள்ளை குன் யாயின் வீட்டு வேலைக்காரர்கள் அப்படிக் குனிந்து நடப்பதற்கும் கணக்கு சரியாக வரும். தொடர் வெளியான 2023 அங்கே 2566.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 1941க்கு முன் அங்கே புத்தாண்டு ஏப்ரல் 1-இல்தான். அதனால் அந்தக் காலத்து ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளுக்கு 542-ஐத்தான் கழிக்க வேண்டும். அன்றைய மன்னர் ஏழாம் ராமா சியாங் மாய்க்கு வந்த 1927 ஜனவரி, அன்றைய கணக்கில் 2469! கடிதத் தேதி ஏதாவது ஒரு வருடம் இடித்தால் உடனே கதையில் ஓட்டை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அப்புறம் சப்டைட்டில்காரரையும் திட்ட வேண்டாம்.