வடிகட்டி சலிக்கும், சுரக்காது: முகமூடி ஃபில்டர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் பாதி, "எந்த பிராண்டு வாங்கலாம்?" என்பதுதான். அவற்றை ஒதுக்கிவிட்டேன். எதிரில் இருப்பது தூசியா, ஆவியா, என்ன வாயு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கோவை, கார் பெயின்டர்: ஐயா, என்95 போட்டுக்கொண்டுதான் ஸ்பிரே அடிக்கிறேன். ஆனாலும் தின்னர் வாசனை வருகிறது. மாஸ்க் போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை தம்பி. என்95 துகளுக்கான மாஸ்க். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். தின்னர் ஆவி துகள் அல்ல. கொசுவலைக்குள் சாம்பிராணிப் புகை நுழைகிற மாதிரி அது நுழைந்துவிடும். ஆவியைப் பிடிக்கக் கரி வேண்டும்.

உங்களுக்குத் தேவை தின்னர் போன்ற கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (மாஸ்க்கில் மாட்டும் கரி டப்பா), அதன் முன்னால் பெயின்ட் துளிகளைத் தடுக்கும் துகள் ஃபில்டர். முன்னால் இருப்பது அடைத்துக்கொண்டால் மூச்சு இழுக்கக் கஷ்டமாகும், உங்களுக்கே தெரிந்துவிடும். கரி அப்படியல்ல. நிறைந்த பிறகும் மூச்சு சுகமாகவே வரும்.

ஹார்டனர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பெயின்ட் அடிக்கிறீர்களா? அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். மூக்குக்கு எட்டும் முன்பே நுரையீரலைக் கெடுத்துவிடும்; ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் இளைப்பு வரும். அந்த வேலைக்குக் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும், தலையை மூடும் ஹூட்தான் சரி. செலவு அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

ராணிப்பேட்டை: கடையில் மஞ்சள் பட்டை போட்ட ஃபில்டர் மலிவாகக் கிடைக்கிறது. மஞ்சள் எதற்கு?

எந்த நாட்டு மஞ்சள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் கரிம ஆவி, அமில வாயு இரண்டுக்கும். ஐரோப்பிய முறையில் மஞ்சள் கந்தக டை ஆக்சைடு போன்ற அமில வாயுக்களுக்கு மட்டும். கரிம ஆவிக்கு அங்கே பழுப்பு. அமெரிக்காவில் கரிம ஆவிக்குக் கறுப்பு. வெள்ளை இன்னும் மோசம்: அமெரிக்க முறையில் அமில வாயு, ஐரோப்பிய முறையில் வெறும் தூசி. நம் சந்தையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஐரோப்பிய முறையில் குளோரின் போன்ற வாயுக்களுக்கான எழுத்தும் (B) தூசிக்கான எழுத்தும் (P) நம் வாயில் ஒரே 'பி'தான். ஒருமுறை குளோரின் சிலிண்டர் அறைக்காகத் தொலைபேசியில் "பி2" சொல்லி வைத்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் பஞ்சு போன்ற தூசி ஃபில்டர்கள், இருபது ஜோடி. தவறு கடைக்காரருடையது அல்ல, என்னுடையது. அன்றிலிருந்து "சாம்பல் பட்டை, குளோரினுக்கு" என்று நிறத்தையும் வாயுவையும் சேர்த்தே சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் 1, 2, 3 என்பது வாயு ஃபில்டரில் கொள்ளளவு. தூசி ஃபில்டரில் அதே எண் வடிகட்டும் திறன்.

தூத்துக்குடி, ஐஸ் பிளான்ட் மெக்கானிக்: அம்மோனியா கசிந்தால் எது?

பச்சைப் பட்டை. இரண்டு முறையிலும் அம்மோனியாவுக்குப் பச்சைதான். அதிசயமாக ஒத்துப்போகிற இடம் இது. கண்ணையும் மூடும் முழு முக மாஸ்க் வாங்குங்கள். அரை மாஸ்க் போட்டால் மூக்கு தப்பும், கண் திறக்க முடியாமல் வாசலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இது வால்வு கிளாண்டில் சிறு கசிவு என்றால் மட்டும். காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவே உயிருக்கு ஆபத்தானது என்று கணக்கு. குழாய் வெடித்து அறை வெள்ளைப் புகையாக இருந்தால் ஃபில்டரை நம்பி உள்ளே போகாதீர்கள். வெளியேறி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, நள்ளிரவில் மக்கள் கண் எரிந்து மூச்சு முட்டி வீட்டைவிட்டு வெளியேறியது நினைவிருக்கும். திறந்த வெளியிலேயே அந்தப் பாடு.

மதுரை, ஒப்பந்ததாரர்: செப்டிக் டேங்கில் இறங்குபவருக்கு நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போதாது. ஃபில்டர் இருக்கும் காற்றைச் சலிக்கும், இல்லாத பிராணவாயுவைச் சுரக்காது. சாதாரணக் காற்றில் பிராணவாயு சுமார் 21 சதவீதம்; 19.5-க்குக் கீழே போனால் ஃபில்டர் முகமூடியே கூடாது. தொட்டிக்குள் அதைவிடக் குறைந்து கிடக்கலாம். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று இறங்கியவர்கள் திரும்பவில்லை. காப்பாற்றக் குதித்தவர்களும் திரும்பவில்லை.

மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேலைக்கு ஆளை இப்படி இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள் ஐயா. மாஸ்க் வாங்க வைத்திருக்கும் பணம் அதற்குச் சரியாக இருக்கும்.

கிருஷ்ணகிரி, கிரானைட் பட்டறை: என்95-ஐ சோப்புப் போட்டுத் துவைக்கிறோம். சரியா?

சரியல்ல. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே மின்னூட்டம்தான் அந்த நடு அடுக்கில் இருந்து நுண்துகளை இழுக்கிறது. சோப்பும் சானிடைசரும் அதை அழித்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், வேலை செய்யாது. கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தூசிக்கான உயர்தர வகைகளான எஃப்எஃப்பி3 (ஐரோப்பிய முறை) அல்லது பி100 (அமெரிக்க முறை) வாங்குங்கள். அதற்கும் முன்னால் பிளேடில் தண்ணீர் விட்டு அறுங்கள்.

திருச்சி: தாடி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

இறுக்கமாகப் பொருந்த வேண்டிய மாஸ்க்குக்குத் தாடி ஆகாது. காற்று எளிதான வழியைத்தான் தேடும். ஃபில்டரைவிடத் தாடி எளிது. தாடி வேண்டுமென்றால் காற்றை ஊதித் தரும் தளர்வான ஹூட் இருக்கிறது.

சென்னை: பழைய உலகப் போர் கேஸ் மாஸ்க் ஒன்று இணையத்தில் வாங்கினேன். அவசரத்துக்கு உதவுமா?

ஷோகேஸில் வையுங்கள், முகத்தில் வைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் முகமூடிகள் பலவற்றின் ஃபில்டரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மாட்டிப் பார்க்கக்கூட வேண்டாம் என்று அங்கே அறிவுறுத்தியிருக்கிறார்கள்.

கடலூர்: கார்ட்ரிட்ஜைப் பிரித்துவிட்டால் எத்தனை நாள் வரும்?

நாள் கணக்கு கிடையாது. வாயுவின் அளவு, நீங்கள் மூச்சு வாங்கும் வேகம், காற்றின் ஈரம், மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரி. காங்கேயம் பக்கம் சுட்டு எடுப்பதன் நுணுக்கமான வடிவம். அது ஆவியைப் போலவே ஈரத்தையும் குடிக்கும். கடலோர ஊரில் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோவது அதனால்தான்.

பிரித்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். வாசனை வரும்வரை காத்திருக்காமல், உற்பத்தியாளர் தரும் கால அட்டவணைப்படி மாற்றுங்கள். பெயின்ட் அலமாரி ஆணியில் இரவெல்லாம் தொங்கிய கார்ட்ரிட்ஜ், யாரும் போடாமலே பாதி தீர்ந்திருக்கும்.