கிளேஸ் சரிசெய்த மக், தட்டுகளை மறுபடி சுட எத்தனை மணி நேரம் கேட்பது?

கேட்டிருப்பது இதுதான்: கிளேஸ் (சுடும்போது கண்ணாடி மாதிரி உருகிப் படியும் பூச்சு) அங்கங்கே விட்டுப்போன பத்து மக், நாலு தட்டு, எல்லாமே கோன் 6 ஸ்டோன்வேர், அதாவது சுமார் 1220 டிகிரி செல்சியஸில் சுடும் கெட்டியான மண் சாமான். தொட்டுப் பூசி மறுபடி சுடணும், ஸ்டூடியோவில் சூளை மணிக்கணக்கு வாடகை.

ஒன்றரை நாள் கேளுங்கள். முதல் தடவை ஒன்பது மணி நேரத்தில் முடிந்ததே என்று அதையே சொல்லிவிட்டு வந்தால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

பிஸ்க் ஆன மண்ணில், அதாவது கிளேஸ் பூசாமல் முதலில் ஒருமுறை சுட்டதில், துளைகள் இருக்கும், வேகமாக ஏற்றினாலும் ஓரளவு தாங்கும். ஒருமுறை கிளேஸோடு சுட்டது இறுகிப்போன சாமான். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும், அந்த நேரத்தில் தட்டின் ஓரம் அதைத் தாண்டி நடுப்பகுதி தாண்டாமல் இருந்தால் விரிசல்தான்.

திருவான்மியூர் மொட்டை மாடியில் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் என் மின்சூளைக்கு நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். 120 டிகிரி வரை இரண்டு மணி நேரம். அதில் அவசரமே கூடாது, ஏனென்றால் டீ குடித்துக் கழுவிய மக்கின் அடிப்பக்கம் கிளேஸ் இல்லாமல் இருக்கும், அது தண்ணீர் இழுத்து வைத்திருக்கலாம், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து 600 வரை மணிக்கு 80 டிகிரி, ஆறு மணி நேரம். அப்புறம் 1100 வரை மணிக்கு 150, மூன்று மணி இருபது நிமிடம். கடைசி 120 டிகிரிக்கு இரண்டு மணி நேரம், உச்சியில் கால் மணி நிறுத்தம். மொத்தம் பதின்மூன்றரை. சூளையைச் சூடாக்கும் கம்பி பழசாகியிருந்தால் கடைசிக் கட்டம் நகரவே நகராது, அதற்கு இன்னொரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுவதற்கு இருபது மணி நேரம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நானும் மறந்தேன். பொங்கல் ஆர்டர் ஒன்றுக்கு ஆள் கீழே காத்திருக்க, மீட்டர் 240 காட்டும்போதே மூடியைத் தூக்கினேன். 'டிணுக்' என்று ஒரு சத்தம், பெரிய தட்டு இரண்டு துண்டு. உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தால் கிளேஸ் கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூராக இருந்தது. அப்படி இருந்தால் ஆறும்போது வெடித்தது என்று அர்த்தம், கிளேஸ் உருகி ஓரம் மழுங்கியிருந்தால் ஏற்றும்போதே வெடித்தது. 100க்குக் கீழே வராமல் இப்போதெல்லாம் மூடியைத் தொடுவதில்லை.

இன்னொன்று, பதினாலு சாமானை மட்டும் பெரிய சூளையில் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். காலி ஷெல்ஃபையும் அதைத் தாங்கும் முட்டுகளையும் உள்ளே நிரப்புங்கள்.

பூசுவதற்கு முன்னால் மக்கை ஹேர் டிரையரில் கை தாங்குகிற அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கிளேஸ் வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டாவது சூட்டில் கிளேஸ் இன்னும் அதிகமாக உருகி ஓடும் என்பதால் அடியில் ஒரு பிஸ்க் வில்லை வைப்பது நல்லது.

சனி மாலை 5 மணிக்குப் போட்டால் ஞாயிறு காலை ஆறரைக்கு அணையும், திங்கள் காலை திறக்கலாம். வார நாளில் போடுவதானால் அந்த ஏரியாவில் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று முதலில் விசாரித்துவிடுங்கள், காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்குத்தான் வரும்.