பிக்கப் வண்டியின் கிரவுன் ஆயில்: வாசகர் கேள்விகள்

4x4 பிக்கப்பின் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள்) நான்கிலும் நானே ஆயில் மாற்றப் போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

எதில் தொடங்கினாலும் முதலில் மேலே இருக்கும், ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது கையோடு வந்த பிறகுதான் கீழே உள்ள டிரெயின் பிளக். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, துருப்பிடித்த மேல் பிளக் அசையாமல் போனால் வண்டி வாசலை விட்டு நகராது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இறக்கினால் ஆயில் இளகி நன்றாக வடியும். பிக்கப் உயரமான வண்டி என்பதால் ஜாக்கி இல்லாமலே பெரும்பாலும் அடியில் நுழைந்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் லெவல் தப்பாகிவிடும்.

கடையில் ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றலாமா?

கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் வேண்டாம். கிரவுன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசுபவை. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களை அதிகம் சேர்க்கிறார்கள். மேனுவல் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது. நாளடைவில் கியர் விழும்போது கரகரக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிக் கதை. சில வண்டிகளுக்கு கியர் ஆயில், சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்). பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள்.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பயப்படணுமா?

விரலில் எடுத்துத் தேயுங்கள். மை போல வழுவழுப்பாக இருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். நகத்தில் நெருடும் செதில், பல்லின் துண்டு என்று வந்தால் புது ஆயில் ஊற்றி ஓட்டாதீர்கள், ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

வால்பாறைப் பக்கம் அடிக்கடி ஓடையில் இறக்கி ஓட்டுவேன். பின் கிரவுனில் பால் கலந்த காபி மாதிரி ஆயில் வந்தது.

தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது வெளிக்காற்று வந்துபோகத்தான் ஆக்சிலின் மேல் சின்னதாக ஒரு பிரீதர் வைத்திருக்கிறார்கள். அது சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். உங்கள் வண்டியில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கழற்றி டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். முடிந்தால் ஒரு ஹோஸ் மாட்டி பானெட்டுக்குள் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டுங்கள். அப்புறம் அதே கிரேடில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்துவிட்டுத்தான் நல்ல ஆயில். ஈரத்தோடு விட்டால் பேரிங் துருப்பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும். ஓடையில் இறங்கும் வண்டிக்குக் கையேட்டின் கிலோமீட்டர் கணக்கு போதாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது?

வண்டி சமதளத்தில் நிற்க, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் மெல்ல வழியத் தொடங்கும் வரை. சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு அளவு வேறாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். பிளக்குக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றவே கூடாது.