சாலட் களியாகக் கூடாது, நாலு மணிக்குப் பசிக்கவும் கூடாது

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். மதியச் சோற்றுக்குப் பதிலாக சிறுதானிய சாலட் செய்து ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன். கால் கப் சாமையை குக்கரில் மூன்று விசில் விட்டு, வெள்ளரி, தக்காளி, துருவிய கேரட், எலுமிச்சை, உப்பு எல்லாம் காலை ஏழரைக்கே கலந்து டப்பாவில் அடைத்துவிடுவேன். ஒரு மணிக்குத் திறந்தால் தானியம் கட்டி கட்டியாக இருக்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது. அதையும் சாப்பிட்டு முடித்தால் நாலு மணிக்கே பசி. எங்கே தப்பு?

பதில்: மூன்று இடத்தில் தப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகிவிடாது என்பதால் தனித்தனியாகவே பார்க்கலாம். பசியிலிருந்து ஆரம்பிக்கிறோம், ஏனென்றால் அங்கேதான் பலரும் தானியத்தின் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் புரதம் சுமார் 8 கிராம். சோளத்தில் 10, சாமையிலும் 10. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தில்தான் பெரிய இடைவெளி: அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சோளத்தில் 10. நீங்கள் போடும் கால் கப் சாமை 40, 45 கிராம் இருக்கும். அதில் கிடைக்கும் புரதம் 4 கிராம். வெள்ளரியும் தக்காளியும் பெரும்பாலும் தண்ணீர். டப்பா நிறைந்திருப்பதால் சாப்பாடு நிறைவாக இருப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவே. அரிசியை எடுத்துவிட்டு சாமையைப் போட்டால் மட்டும் பசி தாங்காது. சாதத்தோடு போய்விட்ட சாம்பார்ப் பருப்பு, கூட்டு, தயிர் இவற்றுக்கு ஈடாக டப்பாவில் ஏதாவது வர வேண்டும். ஒரு டப்பாவுக்கு 60 கிராம் தானியம் என்றால் பயறு அல்லது கொண்டைக்கடலை 40 கிராம், எல்லாம் வேகாத எடையில். இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதை உங்கள் ருசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது கட்டி. சாமை, குதிரைவாலி போன்ற பொடித் தானியங்கள் கடைக்கு வரும்போது பெரும்பாலும் தவிடு நீக்கித் தீட்டப்பட்டிருக்கும். வெளுத்துப் பளபளவென்று இருந்தால் தீட்டியது, மங்கலாக லேசான பழுப்பு ஓடினால் தவிடு இருக்கிறது என்று கொள்ளலாம். தீட்டிய பொடித் தானியத்தை மூன்று விசில் விட்டால் வெடித்து மாவுச்சத்து வெளியே வந்துவிடும். ஆறும்போது அதுவே பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்கு அது வேண்டிய குணம், சாலட்டுக்கு வேண்டாத குணம்.

சாலட்டுக்குத் தேவை, பல்லில் கடிபடும் பெரிய மணி. எங்கள் முதல் தேர்வு வெள்ளைச் சோளம். மக்காச்சோளத்தைச் சொல்லவில்லை. இங்கே ‘பிளி ஜோளா’ என்று கேட்டால் கிடைக்கும். பெரிய கடைகளில் மாவு மட்டுமே வைத்திருந்தால், ஜோளத ரொட்டி விற்கும் வட கர்நாடகக் கடைகளில் முழு மணியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சம்பா கோதுமை, ரவையாக உடைக்காத முழு மணி. கன்னடத்தில் ஜவெ கோதி, கப்ளி கோதுமை என்றும் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். ருசியில் இதுவே ஒரு படி மேல், ஆனால் க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. கம்பும் நன்றாக வரும். முத்துப் பார்லியில் மேல் தவிடு போய்விட்டது, அதை முழுதானியத்தில் சேர்க்க முடியாது. கீன்வா பரவாயில்லை, நன்றாகக் கழுவாவிட்டால் கசக்கும், விலைக்கேற்ற விசேஷம் எதுவும் இல்லை. ராகியை விட்டுவிடுங்கள், அது முத்தெ என்கிற களிக்கும் கூழுக்கும்தான்.

இனி இரண்டு டப்பாவுக்கான அளவு. வெள்ளைச் சோளம் 120 கிராம், கருப்புக் கொண்டைக்கடலை 80 கிராம். இரண்டையும் கழுவி இரவே ஊறவைத்துவிடுங்கள், 10 மணி நேரம் குறையக் கூடாது. காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி இரண்டையும் ஒரே குக்கரில் போடலாம். குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, சோளக் கஞ்சி நுரைத்து வெயிட்டை அடைக்கும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவது நல்லது, விசில் அடுப்புக்கு அடுப்பு மாறும். கடலையின் சாயம் ஏறிச் சோளம் கொஞ்சம் பழுப்பாகும், அது பிடிக்காவிட்டால் தனித்தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

வெந்ததா என்று தெரிய ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நுனி லேசாகப் பிளந்திருக்க வேண்டும். கடிக்கும்போது தோல் சற்று எதிர்த்துவிட்டு உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் சுண்ணாம்புப் பொட்டுபோல வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் 10 நிமிடம். பழைய சோளம் கூடுதல் நேரம் கேட்கும்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் கடலை மட்டும் கடுக்கென்றே இருக்கிறது என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பெங்களூரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் காவிரித் தண்ணீர், அடுத்த அடுக்ககத்துக்கு போர்வெல் அல்லது டேங்கர். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கடலையின் செல்சுவரில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும், மணி மெத்தென்று ஆகாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஃபில்டர் தண்ணீரை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதுவும் இல்லையென்றால் ஊறும் தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா போட்டு, காலையில் நன்றாக அலசிவிடுங்கள். உப்பு முன்னதாகப் போட்டால் வேகாது என்று பயப்பட வேண்டாம், அரை டீஸ்பூன் போட்டே வேகவைக்கலாம். புளிப்புதான் வேகவிடாது. எலுமிச்சை, தக்காளி எதுவும் குக்கருக்குள் போகக் கூடாது.

வெந்ததும் வடிகட்டுங்கள். வடித்த தண்ணீர் ரசத்துக்கு ஆகும். தானியத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே 10 நிமிடம் வையுங்கள். இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். குவித்து வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு மேலும் வெந்து குழையும், மேலே ஈரமும் நிற்கும்.

மேல்ஈரம் உலர்ந்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே புளிப்பையும் உப்பையும் போட்டுவிட வேண்டும். பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றின் சாறு, ஏறக்குறைய 2 மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், ஒரு அங்குல இஞ்சித் துருவல். சூட்டில் மணி இதை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயை முதலில் ஊற்றினால் அது மணியைப் பூசிக்கொண்டு சாற்றை உள்ளே விடாது. பிறகு எவ்வளவு உப்பு போட்டாலும் ‘சப்பென்று இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஆகவே தானியம் ஆறிய பிறகுதான் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். கேரட்டில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், சோளத்து இரும்புச்சத்து சேர எலுமிச்சையின் வைட்டமின் சி வேண்டும். எண்ணெய் இல்லாத சாலட் என்ற வைராக்கியம் வேண்டாம்.

அடியில் நிற்கும் தண்ணீருக்குக் காரணம் உப்பு. நறுக்கிய காயின் மேல் உப்பு பட்டால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். ஏழரைக்குக் கலந்தால் ஒரு மணிக்குள் வெள்ளரி பாதி வடிந்திருக்கும். துருவுவதும் இதே வேலையைச் செய்கிறது, துருவிய கேரட்டில் உடைந்த செல்கள் அதிகம். அதனால் தண்ணீர் விடாத காயைத் தேர்ந்தெடுத்து, சோளத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரங்களாக நறுக்குங்கள். இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும் நூல்கோல் இதற்கு அருமையான காய். நவிலுகோசு என்று கேளுங்கள், ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் காய்கறிக் கடைகளிலும் இருக்கும். பிஞ்சாகப் பார்த்து, நார் போகத் தடிமனாகத் தோல் சீவி, பச்சையாகவே போடலாம். சாயங்காலம் வரை மொறுமொறுப்பு போகாது. அதோடு கேரட், குடைமிளகாய், கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்த பீன்ஸ், எல்லாம் சேர்த்து 300 கிராம். வெள்ளரி இல்லாமல் முடியாது என்றால் நீளவாக்கில் பிளந்து விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, தனிச் சின்ன டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள். தக்காளிக்கும் அதே சட்டம், அல்லது அதற்குப் பதில் மாதுளை முத்துகள். வெங்காயத்தை நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் 10 நிமிடம் ஊறவிட்டால் மதியம் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கொத்தமல்லி, புதினா போடுவது வழக்கம்தான். ஒருமுறை சப்பசிகெ சொப்பு, அதாவது சதகுப்பைக் கீரை, ஒரு கைப்பிடி நறுக்கிப் போட்டுப் பாருங்கள். நம்மூரில் அவ்வளவாகப் புழங்காத கீரை, சோளத்தோடு பிரமாதமாகச் சேரும்.

கடைசியில் 40 கிராம் வறுத்த வேர்க்கடலை. இதைக் காலையில் கலக்காதீர்கள், நமத்துவிடும். பொட்டலமாக வைத்து மேலே தூவிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு டப்பாவுக்குப் புரதம் சுமார் 18 கிராம், நார்ச்சத்தும் அதே அளவுக்குக் குறையாது, ஆற்றல் 500 கலோரிக்குப் பக்கம். இன்னும் திடம் வேண்டுமானால் 50 கிராம் பன்னீர் அல்லது ஒரு முட்டை.

கடலை ஊறவைக்க மறந்த நாளுக்கும் வழி இருக்கிறது. ராமநவமிக்கு இங்கே பானகத்தோடு தரும் கோசம்பரியில் இருப்பது வேகாத பாசிப்பருப்புதான். ஒரு மணி நேரம் ஊறினால் நகத்தில் நசுங்கும், அதை வடிகட்டிச் சேர்க்கலாம். மார்கழி, தை அவரைக்காய்ப் பருவத்தில் கொண்டைக்கடலைக்குப் பதில் அவரைப் பயறு, ஆனால் அதைப் பச்சையாகப் போடவே கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும். முளைகட்டிய பயறையும் 5 நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள், முளைப்பின் ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் சேர்ந்தே வளரும். கோடையில் எலுமிச்சை விலை ஏறினால் கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், கிளறும்போது சாறு இறங்கி அதுவே போதும்.

சாமையோ தினையோதான் வேண்டும் என்றால் குக்கரை மறந்துவிட்டுச் சோறு வடிப்பதுபோல வடியுங்கள். வெறும் வாணலியில் 3 நிமிடம் வாசம் வர வறுத்து, ஆறு மடங்கு கொதிக்கும் தண்ணீரில் போட்டு, 7-ஆவது நிமிடத்திலிருந்து கடித்துப் பாருங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சென்னையைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாகும். பதம் வந்ததும் வடித்து, கொதிநீரால் ஒருமுறை அலசிப் பரப்பிவிடுங்கள். வாங்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள்: இங்கே பரகு என்பது பனிவரகு, நம் வரகுக்கு ஹாரக என்று கேட்க வேண்டும். தினை நவணெ, குதிரைவாலி ஊதலு.

தினமும் காலையில் இதற்கு நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை 6 டப்பாவுக்கான சோளத்தை மொத்தமாக வேகவைத்து, எதுவும் கலக்காமல் 3 நாளுக்கானதை ஃபிரிட்ஜிலும் மீதியைப் பங்கு பிரித்து ஃப்ரீசரிலும் வைக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே தள்ளிவிட வேண்டும். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த தானியம் வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை விடும், வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஆபீசில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனவுடன் டப்பாவை அதில் வையுங்கள், இல்லையென்றால் பையில் ஒரு ஐஸ் பேக். தேங்காய்த்துருவல் போட்டால் சீக்கிரம் ஊசிப்போகும், வீட்டில் உடனே சாப்பிடும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோளம் கல்லாக இருக்கும். வேகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், மாவுச்சத்து குளிரில் இறுகியிருக்கிறது. ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து 3 நிமிடம் ஆவியிலோ ஒரு நிமிடம் மைக்ரோவேவிலோ வைத்தால் இளகிவிடும். அந்தச் சூட்டோடு எலுமிச்சையும் உப்பும் போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை குறைந்த நாரில் பழகிய வயிறு என்றால் முதல் வாரம் கடலையைப் பாதியாக்கி, தண்ணீர் கூடக் குடியுங்கள். இல்லாவிட்டால் வாயு படுத்தும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மதியச் சோற்றை நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.