தண்ணீரைப் பணயம் வைக்காதீர்கள்: ஆட்டிசம் கேள்வி-பதில்

மகனுக்கு இரண்டே முக்கால் வயது. 'அம்மா' என்றுகூட அழைப்பதில்லை. அவன் அப்பாவே நாலு வயதில்தான் பேசினார், பொறுத்திரு என்கிறார் மாமியார். (திண்டுக்கல்)

பொறுக்க வேண்டாம். முதலில் காது. அவனுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்பது முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தால் தெரியாது. ஒலி கேட்கும்போது காது நரம்பும் மூளையும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் இல்லை. ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பயிற்சி தொடங்க வேண்டும் என்றும் இல்லை.

மகள் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வயது என்ன? பேசுவாளா? சைகையாவது காட்டுவாளா? எதையும் எழுதாமல் பயிற்சி கேட்டால் எதைச் சொல்வது? மூன்று வயதுக் குழந்தைக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் ஒரே பதில் கிடையாது. வயது, பேச்சு, காது பரிசோதனை முடிவு, இவற்றை எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அதுவரை ஒன்று செய்யுங்கள். 'செருப்பைப் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா' என்று அடுக்காதீர்கள். செருப்பைக் காட்டி 'செருப்பு' என்று சொல்லிவிட்டு, பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

ஐந்து வயது மகன், பேச்சு இல்லை. காது நன்றாக இருக்கிறது. 'தண்ணீர்' என்று சொன்னால்தான் தண்ணீர் என்று வைத்திருக்கிறோம். பட அட்டை பழக்கினால் சோம்பேறியாகிப் பேசாமலே போய்விடுவான் என்கிறார்களே? (கரூர்)

மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. 'சொன்னால்தான் தண்ணீர்' என்பதை இன்றே நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். அம்மா எவர்சில்வர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பிள்ளை அவர் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். 'தண்ணீர் சொல்லு, தண்ணீர் சொல்லு' என்று பத்துப் பன்னிரண்டு முறை கேட்டிருப்பார். அவன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். முழங்கையை இழுத்தானே, அப்போதே கேட்டுவிட்டான். நமக்குத்தான் அது பேச்சாகப் படவில்லை. வாய் ஒத்துழைக்காத பிள்ளையைத் தாகத்தோடு நிறுத்தி வைப்பது பயிற்சி ஆகாது.

வேண்டிய பொருளின் பட அட்டையை எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழக்கும் படப் பரிமாற்ற முறை 1985-இல் அமெரிக்காவில் உருவானது. நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. படம் பேச்சைத் தடுக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அட்டையோடு சேர்ந்தே பேச்சும் கூடிய பிள்ளைகள் உண்டு. எல்லோருக்கும் கூடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பேச்சே வராவிட்டாலும் கேட்பதற்கு அவனுக்கு ஒரு வழி இருக்கும்.

அவனுக்கு உயிரான தின்பண்டத்தில் தொடங்குங்கள். முறுக்கு என்றால், உங்கள் வீட்டு முறுக்கையே படம் எடுங்கள். முதல் சில நாட்கள் இரண்டு பேர் வேண்டும். எதிரே நீங்கள் முறுக்கோடு உட்காருங்கள். பின்னால் இருப்பவர் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து உங்கள் கையில் வைக்க உதவட்டும். அவர் பேசவே கூடாது. அட்டை வந்ததும் 'முறுக்கு' என்று ஒரே முறை சொல்லி உடனே கொடுங்கள். 'என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள், 'சொல்லு' என்று மிரட்டாதீர்கள். ஒரு நாளில் ஐம்பது முறை கேட்பான். சிறு துண்டுகளாக ஒடித்துக் கொடுங்கள். பிறகு டம்ளர் படம். அட்டைகள் அவன் கை எட்டும் உயரத்தில் எப்போதும் இருக்கட்டும். விருந்தாளி வருகிறார் என்று பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

'பசிக்கிறதா?' என்று கேட்டால் அவனும் 'பசிக்கிறதா?' என்கிறான். ஆறு வயது. கண்டிக்கலாமா?

கூடாது. அது எதிரொலிப் பேச்சு. பல நேரம் 'ஆமாம்' என்பதன் இடத்தில் அதைத்தான் வைத்திருப்பான். கேள்வியைக் குறைத்து, அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்: 'பசிக்கிறது, தோசை வேண்டும்.' திருப்பிச் சொன்னால் அது சரியான வாக்கியமாகவே வரும்.

ஸ்டெம்செல் சிகிச்சைக்கு நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது.

பள்ளியில் 'எங்களால் சமாளிக்க முடியாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் நடந்ததைத் தேதியோடு எழுதி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள்.

நகம் வெட்டப் போனாலே அலறுகிறாள். தூங்கும்போது வெட்டுகிறோம். எட்டு வயது.

பாதி வெட்டும்போது விழித்தால் தூங்கவே பயப்படுவாள். குளித்து முடித்து நகம் ஊறியிருக்கும் நேரமாகப் பாருங்கள். முதல் வாரம் நகவெட்டியை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் நகத்தை அவள் பார்க்க வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு நாளுக்கு ஒரு விரல் போதும். விரல் நுனியை அழுத்திப் பிடித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி வெட்டுங்கள். மூன்றில் முடியும் என்று சொன்னால் மூன்றில் முடித்துவிட வேண்டும்.