மறுக்காதவர் எல்லாம் கொடையாளியா?

அன்புள்ள ஐயா,

உறுப்பு தானம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உயிரோடு இருக்கும்போது 'வேண்டாம்' என்று பதிவு செய்யாத எல்லோரையும் கொடையாளிகளாகவே கருதினால் என்ன? இறந்தவருக்குச் சிறுநீரகம் எதற்கு? அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் அனுமதி கேட்பது சித்திரவதை இல்லையா? ஏன் தயங்குகிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தானத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வாய் திறக்காதவர் பெயரில் சம்மதம் எழுதிக்கொள்வதில்தான் தயக்கம். தன் சாவுக்குப் பிறகு என்ன என்று யார் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார்கள்? மறுக்க வழி இருப்பதே தெரியாதவரும் இந்தக் கணக்கில் 'சரி' சொன்னவராகிவிடுகிறார்.

பிரேசில் 1997இல் நீங்கள் சொல்வதைத்தான் சட்டமாக்கியது. விருப்பமில்லாதவர் அதை அடையாள அட்டையிலோ ஓட்டுநர் உரிமத்திலோ குறித்துக்கொள்ள வேண்டும். உயிர் போகும் முன்பே எடுத்துவிடுவார்களோ என்று ஜனங்கள் பயந்தார்கள். மறுப்பைப் பதிய ஓடினார்கள். 1998இலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

ஸ்பெயினைக் காட்டுவீர்கள், தெரியும். 1979 முதல் அங்கே சட்டம் இப்படித்தான். ஆனால் குடும்பத்தைக் கேட்காமல் அங்கே எடுப்பதில்லை. 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு வந்து, மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் வந்தார்கள். பத்து லட்சம் மக்களுக்கு வருஷத்துக்கு 14 கொடையாளிகள் என்றிருந்தது 30ஐத் தாண்டியது அதற்கப்புறம்தான். அதற்கு முந்தைய பத்து வருஷமும் சட்டம் இருக்கத்தானே செய்தது?

சித்திரவதை என்கிறீர்கள். மூளைச்சாவு அடைந்தவரின் கட்டிலருகே நின்று பாருங்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும். கை சூடாக இருக்கும். மானிட்டரில் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் 'இறந்துவிட்டார்' என்கிறார். அந்தக் கையைப் பிடித்திருக்கும் மனைவிக்கு அதை நம்பவே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் 'சட்டப்படி இவர் சம்மதித்தவர்' என்று ஒருவர் வந்து நின்றால் அதற்குப் பெயர் என்ன? சாவை உறுதிசெய்கிற டாக்டர் உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இங்கே எழும் சந்தேகத்துக்காகத்தான். 'கொடுக்கிறீர்களா?' என்று கேட்பதைவிட 'அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?' என்று கேட்கலாம். முடிவின் பாரம் அவள் தலையில் விழாது.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். 'என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் தெளிந்த மனதோடு எழுதிவைத்திருக்கிறார். இறந்தபின் குடும்பம் மறுக்கிறது. பல இடங்களில் டாக்டர்கள் குடும்பத்தின் பேச்சுக்கு இணங்கிவிடுகிறார்கள். அது கூடாது என்பதே என் கருத்து.